பறவைக் குரல் பதிவு: போனில் இரைச்சல் நீக்கத்தை அணைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஒரே இனப் பறவை நகரத்தில் எப்படிப் பாடுகிறது, கிராமப்புறத்தில் எப்படிப் பாடுகிறது என்று ஆய்வாளர்களுக்காகக் குரல் பதிவு செய்து தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வண்டி இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அதில் அமுங்கிவிடாமல் இருக்கச் சில பறவைகள் சுருதியைக் கூட்டிப் பாடுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரத்துப் பட்டாணிக்குருவிகளிடம் இதைக் கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது.

சிக்கல் என் போனில்தான். இரைச்சல் என்று நினைத்துத் தாழ்ந்த ஒலிகளை அது தானாகவே வெட்டிவிடுகிறது. ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில், தாழ்ந்த ஒலிகள் இருக்க வேண்டிய அடிப்பகுதி துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பாட்டின் மிகத் தாழ்ந்த ஒலி எது என்பதைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அதுவே போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

இரைச்சல் நீக்கம், தானாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது இரண்டையும் அணைத்துவிட்டு, சுருக்காமல் வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? இலவசமாக இருந்தால் நல்லது. தனி மைக் வாங்கச் சொல்லாதீர்கள், எங்கள் குழுவில் பலரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. இன்னொன்று, சுற்றுப்புற இரைச்சலை அளந்தால் போனுக்குப் போன் டெசிபல் மாறுகிறது. அதை எப்படிச் சரிசெய்கிறீர்கள்?