எத்தாஷெ: பிரெஞ்சுச் சொல், நார்வேக் கணக்கு

மாடிப்படி:
லிஃப்ட் நிற்பது தெருமட்டத்தில், எரிகிற எண்ணோ 1. ஒஸ்லோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. நார்வேஜியனில் தளத்தைக் குறிக்கும் எத்தாஷெ, பிரெஞ்சு எத்தாஜ்தான்; டேனிஷ் வழியாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தரைத்தளத்துக்குத் தனிப் பெயர் வைத்து, அதற்கு மேலிருந்துதான் எண்ணுவார்கள், நம் ஊர் மாதிரியே. நார்வேயில் தெருமட்டமே 1. எத்தாஷெ. டேனிஷ்காரர்கள்கூட இப்படி எண்ணுவதில்லை: கோபன்ஹேகனின் 1. சால் (டேனிஷில் தளம்), ஒஸ்லோவில் 2. எத்தாஷெ.

வேர்ச்சொல்:
பழைய பிரெஞ்சில் அது எஸ்தாஜ். 'நில்' என்னும் பொருளுள்ள லத்தீன் ஸ்தாரெதான் அடி. ஆங்கில ஸ்டேஜும் இதே கிளை. பிரெஞ்சில் கடைசி ஒலி அதிர்வோடு வரும். அந்த ஒலி நார்வேஜியனில் இல்லை, அதனால் ஷ ஆனது. இறுதி 'எ'யும் சேர, மூன்று அசை. அழுத்தம் நடுவிலுள்ள 'தா'மேல். -ஆஷெ என முடிகிற கராஷெ, பகாஷெ எல்லாமே பிரெஞ்சு வரவுதான்.

பெர்கன்வாசி:
'எல்லாமே' என்பதை ஏற்க முடியாது. ஸ்லீதாஷெ (தேய்மானம்) இருக்கிறதே! ஸ்லீதெ சுத்தமான நார்வே வினை, வால் மட்டும் பிரெஞ்சு. லெக்காஷெயின் (கசிவு) அடியும் ஜெர்மானியம். -ஆஷெயை வெட்டிவிட்டு, மிஞ்சுவது நார்வே வினையா என்று பாருங்கள். அது மட்டும் போதாது, பொருளும் ஒட்ட வேண்டும். எத்தாஷெயில் மிஞ்சும் துண்டு, 'தின்' என்னும் எதெ வினைபோலத் தோன்றும். மாடிக்கும் தீனிக்கும் என்ன தொடர்பு?

கதவெண்:
சொல்லாராய்ச்சி இருக்கட்டும், முகவரியைப் பாருங்கள். எச்0302 என்றால், எச் முதன்மைத் தளம், 03 மூன்றாம் எத்தாஷெ, 02 அந்தத் தளத்தில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது வீடு. கே நிலவறை, எல் பரண்தளம். யூ என்பது உன்னர்எத்தாஷெ: சரிவில் கட்டிய வீடுகளில் மேட்டுப்பக்கம் மண்ணுக்குள் புதைந்து, பள்ளத்துப்பக்கம் ஜன்னலோடு திறந்திருக்கும் தளம். பெர்கன் நகரின் மலைச்சரிவுகளில் இது நிறைய.

எச்0302-ஐ நம் வழக்கப்படி 'இரண்டாம் மாடி' என்று உறவினருக்குச் சொன்னால், அவர் 2. எத்தாஷெயில் போய் மணியடிப்பார். மாற்றிச் சொல்லாமல் எண்ணை அப்படியே அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்லும்போது 'ஈ த்ரெத்யெ எத்தாஷெ'. கடைசியில் 'ன்' சேர்க்க வேண்டாம்.