பாட்டியின் புத்தகத்தை மகளால் வாசிக்க முடியவில்லை, நம் எழுத்து எப்போது மாறியது?

பெரம்பூர் மலர்:
என் பாட்டி மூர் மார்க்கெட்டில் வாங்கிய சமையல் புத்தகம் ஒன்று அட்டை போய், தையல் பிரிந்து வீட்டில் கிடக்கிறது. ஒன்பதாவது படிக்கும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ‘கறிவேப்பிலை’யில் நின்றுவிட்டாள். ல-வுக்கு முன்னால் இரட்டைச் சுழிக்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. “இது தமிழாம்மா?” என்று கேட்டாள். அறுபது வருஷத்துப் புத்தகம்தான். இதை மாற்றியது யார், எதற்காக? அவளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஈய எழுத்து:
அம்மா, நான் 1971-இல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்செழுத்துக் கோப்பவனாகச் சேர்ந்தவன். அந்தத் துதிக்கை லை என் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

ஈய எழுத்துகள் கேஸ் என்ற மரத்தட்டில் கட்டம் கட்டமாகக் கிடக்கும். ‘கா’ வேண்டுமா, ஒரு க, ஒரு கால் எடுத்து, வரி கோக்கும் ஸ்டிக்கில் வைப்போம். ச-வுக்கும் த-வுக்கும் அதே கால்தான். ஆனால் ணா, றா, னா ஒவ்வொன்றும் தனி அச்சு. ணை, னை, லை, ளை நான்கும் அப்படியே. தமிழில் னை எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள்: அவனை, என்னை, தன்னை. கட்டம் காலியாகிவிட்டால், அச்சில் ஓடுகிற ஃபாரம் (கோத்து முடித்த பக்கங்கள்) முடிந்து எழுத்தைப் பிரித்துப் போடும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றை மற்ற எழுத்துகள் போலவே அச்சிட்டார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று உத்தரவு போட்டது. ணொ, ணோ வகையும் சேர்ந்து 13 எழுத்துகள் மாறின. உங்கள் மகள் பள்ளியில் படிப்பது அந்த வடிவத்தைத்தான். பழைய அச்சுகள் எங்கள் இடத்தில் உருக்கப் போயின. வேலை எளிதானதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனாலும் ஒரு லை-யை எடுத்து வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

சுவடி வாசகி:
ஐயா சொன்னது கோப்பவரின் சிரமம். ஓலையில் சிரமமெல்லாம் வாசிப்பவருக்கு. ஆணி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், அதனால் எரியா ஏரியா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், ‘பாவை’ ‘பரவை’ ஆகிவிடும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. அப்போது படிப்பு சிலரிடம் மட்டும் இருந்ததற்குச் சாதிக்கட்டுப்பாட்டோடு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஏ, ஓ வடிவங்களைப் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர். உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன் பிறகு அந்த ஊகிக்கும் வேலை வாசகருக்குக் குறைந்தது. புத்தகம் வாங்க முடிந்த யாரும் தனியாக உட்கார்ந்து படிக்கலாம் என்று ஆனது.

பெரம்பூர் மலர்:
இருவருக்கும் நன்றி. ஏழு பழைய எழுத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் இரண்டு பக்கம் கடகடவென்று வாசித்துவிட்டாள். ஐயா, அந்த லை அச்சைப் படம் எடுத்துப் போட முடியுமா? பார்க்க வேண்டும் என்கிறாள்.

ஈய எழுத்து:
இன்று ராத்திரியே போடுகிறேன் அம்மா. படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயத்தில் எழுத்து இடவலமாகத் திரும்பித்தான் இருக்கும்.