கரண்ட் பில் முதல் வண்டி இன்சூரன்ஸ் வரை: கடைசித் தேதிகளைத் தலையில் சுமக்காமல் இருப்பது எப்படி?

படிக்கட்டு என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். சென்னையில் ஒரு ஃப்ளாட், ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீடு, ஒரு கார், இரண்டு பைக், மூன்று எல்.ஐ.சி. பாலிசி, குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு. இவ்வளவுக்கும் தேதி பார்க்க வேண்டியிருக்கிறது. போனில் நாற்பதுக்கு மேல் நினைவூட்டல் போட்டாயிற்று. அது அடிக்கும்போது பஸ்ஸிலோ மீட்டிங்கிலோ இருக்க நேர்கிறது. விரலால் தள்ளிவிட்டால் அதோடு மறந்துபோகிறது. நோட்டுக்கு மாறலாமா, போனிலேயே தொடரலாமா? எதை எந்தத் தேதியில் குறிப்பது? நாள் முழுக்க "ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம்" என்று மனசு அரித்துக்கொண்டே இருப்பது நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

நூல்கண்டு பதில்:

போனா நோட்டா என்பது இரண்டாவது கேள்வி. நினைவூட்டல் தோற்பதற்குக் காரணம் அது கடைசித் தேதியில் அடிப்பதுதான். கடைசித் தேதி பணம் கேட்பவர்களுடையது. நமக்கு வேண்டியது வேலையில் கை வைக்கும் தேதி. நோட்டில் அதை மட்டும் எழுதுங்கள், கெடுவைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்.

சொத்து வரியைப் பாருங்கள். சென்னையில் அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆக நோட்டில் வர வேண்டியது "ஏப்ரல் 5", "அக்டோபர் 5". மாதக் கடைசியில் இணையதளம் திணறும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கரண்ட் பில்லுக்கு நிலையான தேதி எழுதாதீர்கள். ரீடிங் எடுக்க வரும் நாள் முன்பின் நகரும், அதிலிருந்து 20 நாள்தான் கெடு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை "ரீடிங் வாரம்" என்று குறித்து, எடுத்த நாளை அப்போது எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் 30ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்து ஒரு எண் எழுதுவது நல்ல பழக்கம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்துவந்த மலிவு விகிதமும் கைவிட்டுப் போகும். முதல் 30 நாளிலேயே 250ஐத் தாண்டியிருந்தால் ஏசியைக் கவனிக்க இன்னும் 30 நாள் இருக்கிறது.

வண்டி இன்சூரன்ஸில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. புது பைக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) 5 வருடத்துக்கும், காருக்கு 3 வருடத்துக்கும் சேர்த்தே வாங்கப்படுகிறது. தாளில் அந்தப் பெரிய தேதியைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுகிறோம். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். ஒரே வண்டிக்கு நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். கை வைக்கும் தேதி, முடிவதற்கு 30 நாள் முன்பு. முடிந்து 90 நாள் வரை நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) நிற்கும் என்பதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் வண்டிக்குப் பாதுகாப்பு இல்லை, புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்டச் சொல்வார்கள்.

எல்.ஐ.சி.க்கு சலுகைக் காலம் மாதத் தவணைக்கு 15 நாள், மற்ற தவணைகளுக்கு 30 நாள். அதைத் தாண்டிக் காலாவதியானால் நிலுவை, வட்டி, சில சமயம் மருத்துவச் சான்று என்று வேலை வளரும்.

நோட்டு: 192 பக்க லாங் சைஸ் ஒன்று போதும். முன்னால் மாதத்துக்கு இரண்டு பக்கமாக 24 பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் அந்த மாதத்தில் கை வைக்க வேண்டியவை. வலது பக்கம் முடித்த தேதி, தொகை, ரசீது எண். கடைசிப் பக்கங்களில் மின் இணைப்பு எண், சொத்து வரி எண், பாலிசி எண்கள். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் எழுதவே கூடாது.

இந்த முறையைக் காப்பாற்றுவது ஒரே ஒரு பழக்கம்: ஒன்றைக் கட்டி முடித்த கையோடு, நோட்டை மூடுவதற்கு முன், அடுத்த முறை வரும் மாதத்தின் பக்கத்தைத் திருப்பி அங்கே எழுதிவிடுவது. "பிறகு எழுதலாம்" என்று விட்ட அன்றே நோட்டு பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதன் பிறகு மனசு அதை நம்பாது, மறுபடி தலையில் சுமக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் அரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. துவரம்பருப்பு வாங்குவதையும் இதே நோட்டில் எழுதினால் மூன்றே மாதத்தில் முக்கியமானது கண்ணில் படாது. அதற்குத் துண்டுச் சீட்டு.

வெள்ளைத்தாள் பதில்:

நூல்கண்டு தேதியைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். வேலை நிற்பது பல நேரம் தேதி மறந்ததால் அல்ல, பழைய பாலிசித் தாள் கிடைக்காததால்.

தாளை வகை வகையாகப் பிரிக்காதீர்கள். ரசீது ஒரு ஃபைல், இன்சூரன்ஸ் ஒரு ஃபைல் என்று வைத்தால் ஒரு வண்டிக்கு நாலு ஃபைலைப் புரட்ட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு கவர்: காருக்கு ஒன்று, ஒவ்வொரு பைக்குக்கும் ஒன்று, ஃப்ளாட்டுக்கு ஒன்று, ஊர் வீட்டுக்கு ஒன்று, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கவரின் மேலேயே உள்ளே இருப்பதை எழுதுங்கள். மூலப் பத்திரம் லாக்கரில் இருந்தால் "நகல் மட்டும், மூலம் லாக்கரில்" என்று எழுதி வைத்தால் அவசரத்தில் வீட்டைக் கலைக்க வேண்டியதில்லை.

வரும் தாளெல்லாம் முதலில் விழ ஒரே ஒரு தட்டு. ஃப்ரிட்ஜ் மேல், டிவி பக்கத்தில், பை உள்ளே என்று மூன்று இடம் இருந்தால் மூன்றும் நிரம்பும். தட்டு ஆழமாக இருக்க வேண்டாம், நாலு விரல் உயரம் போதும். நிரம்பி வழிந்தால் உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அதுவே சொல்லும்.

கடையிலும் ஏடிஎம்மிலும் தருகிற பளபளப்பான ரசீது வெப்பத்தால் அச்சாவது. சூடும் வெளிச்சமும் பட்டால் வெளுத்துவிடும், மிக்ஸி வாரண்டி முடிவதற்குள்ளேயே வெறும் தாளாகிவிடலாம். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் முழுக்கக் கறுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுப்பதுதான் வழி. படத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டும் மாதமும் முதலில் வரட்டும்: "2025-04 சொத்து வரி ஃப்ளாட்" என்பது போல. அப்படி வைத்தால் எல்லாம் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் டிஜிலாக்கரில் இருந்தால் வழியில் சோதனையின்போது அதையே காட்டலாம்.

மணல்கடிகாரம் பதில்:

நோட்டு நல்லதுதான், ஆனால் இத்தனையையும் கையால் கட்ட வேண்டுமா? தொகை மாறாதவற்றைத் தானியங்கிப் பற்றுக்கு (கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும் ஆட்டோ டெபிட்) விட்டுவிடலாம். எல்.ஐ.சி. தவணை, கடன் தவணை இவையெல்லாம் அதற்குத் தோதானவை. கரண்ட் பில்லை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணைப் பார்ப்பதால் பலன் இருக்கிறது.

கார்டிலும் யுபிஐயிலும் போடும் தானியங்கிப் பற்றுக்குச் சில விதிகள் உண்டு. பொதுவாக 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் போகும். காப்பீட்டு பிரீமியம் போன்ற சிலவற்றுக்கு அந்த வரம்பு 1 லட்சம். 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். தோற்பது இரண்டு இடத்தில்: கணக்கில் பணம் போதாதபோது, கார்டு மாறும்போது. புது கார்டு வந்தால் பழைய கார்டில் தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் சத்தமில்லாமல் அறுந்துபோகலாம். ஆகவே எந்தக் கணக்கில் என்னென்ன தொங்குகிறது என்று நோட்டில் ஒரு பக்கம் வேண்டும்.

பணத்துக்கு வழி: வருடச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். உதாரணத்துக்குச் சொத்து வரி 6,000, கார் 14,000, பைக்குகள் 3,000, எல்.ஐ.சி. 36,000, மருத்துவக் காப்பீடு 25,000. மொத்தம் 84,000, மாதம் 7,000. சம்பளம் வந்த மறுநாள் இந்த 7,000 தனிக் கணக்குக்குப் போகட்டும், எல்லாத் தானியங்கிப் பற்றும் அந்த ஒரே கணக்கில் இருக்கட்டும். முதல் வருடம் மட்டும் முன்னாடியே வரும் பெரிய தொகைக்கு ஓரிரு மாதப் பணத்தைக் கூடுதலாகப் போட்டு வைக்க வேண்டியிருக்கும்.

படிக்கட்டு:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. ஞாயிறு காலை உட்காரலாம் என்று வைத்தாலும், பணம் கட்டப் போனைத் திறந்ததும் வாட்ஸ்அப் இழுத்துக்கொள்கிறது. ஒன்றை முடிக்கும் முன் மனசு அடுத்ததுக்குத் தாவுகிறது. ஊர் வீட்டுக் கணக்கை அப்பா பார்க்கிறார், அவரிடம் கேட்டால் "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார்.

நூல்கண்டு பதில்:

ஞாயிறு காலை முழுக்க என்றால் நீளம். 25 நிமிடம் வையுங்கள், அதில் ஒரே ஒரு வேலை. முதல் இரண்டு நிமிடம் போனைத் தொடாமல், தலையில் ஓடுவதையெல்லாம் துண்டுச் சீட்டில் இறக்கி வையுங்கள். பிறகு செய்யப்போகும் ஒன்றை மட்டும் இன்னொரு சீட்டில்: எந்த ஆப், எந்த எண், எவ்வளவு தொகை. இது கையில் இருந்தால் போனுக்குள் எதற்குப் போனோம் என்பது மறக்காது. ஓடிபி வர வேண்டும் என்பதால் ஏரோப்ளேன் மோட் உதவாது. தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். நடுவில் வேறு நினைப்பு வந்தால் அதை அதட்ட வேண்டாம். முதல் சீட்டில் ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதி வைத்தது போய்விடாது என்று தெரிந்தால் மனசு விட்டுவிடும்.

நோட்டில் மாதக்கணக்கில் நகராத குறிப்பு ஏதாவது இருந்தால் அது வேலையாகவே எழுதப்படவில்லை என்று அர்த்தம். "பட்டா பெயர் மாற்றம்" என்று எழுதினால் கை எங்கே வைப்பது? "கிரயப் பத்திர நகலைத் தேடிக் கவரில் வைப்பது" என்று எழுதினால் பத்து நிமிடத்தில் முடியும். ஞாயிறன்று அலுவலகம் எதுவும் திறந்திருக்காது. அன்றைக்குத் தேடுவது, எடுத்து வைப்பது, இணையத்தில் கட்டுவது. விசாரிக்க வேண்டியதற்கு ஒரு வேலைநாளின் மதிய நேரத்தைக் குறியுங்கள்.

அப்பா விஷயத்தில் பொறுப்பைப் பிடுங்க வேண்டாம். நோட்டின் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே ஒரு பெயர் என்பது வீட்டுச் சட்டம், ஊர் வீட்டுக் குறிப்புகளுக்கு அவர் பெயரே இருக்கட்டும். "கட்டிட்டீங்களா?" என்று கேட்காமல், "கட்டினதும் ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கப்பா, இங்கே நோட்டில் எழுதிக்கிறேன்" என்று சொல்லுங்கள். படம் வந்தால் வலது பக்கம் எழுதுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்புவரை வரவில்லையென்றால் அப்போது ஒரு போன்.

வெள்ளைத்தாள் பதில்:

இன்னொரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாரும் பில் அனுப்பாதவை. தவறுவது பெரும்பாலும் இவைதான். கேஸ் ட்யூப் 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ட்யூபிலேயே தேதி அச்சிட்டிருக்கும். புகைச் சான்று பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகை மாசுக்கான தர விதிகள்) வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கும் பழையவற்றுக்கு 6 மாதம். ஓட்டுநர் உரிமத்தை முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சமில்லாவிட்டால் பல நாடுகள் உள்ளே விடாது, அதனால் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே எழுதுங்கள். அப்பா அம்மாவின் பழைய வங்கிக் கணக்குகளில் 2 வருடம் வரவு செலவு இல்லையென்றால் அவை செயலற்றதாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை நூறு ரூபாய் எடுத்துப் போடச் சொல்லுங்கள், அப்போதே நாமினி பெயர் இருக்கிறதா என்றும் பாஸ்புக்கில் பார்த்துவிடலாம்.