அத்தைக்கு ஒரு மானிட்டர் ("பெரிய வீடு" குழு)

ஞாயிறு

அத்தை: எல்லோருக்கும் வணக்கம். என் பழைய மானிட்டர் நேற்றோடு சரி. போட்டவுடன் ஒரு நொடி வெளிச்சம் வருகிறது, உடனே இருட்டாகிவிடுகிறது. கையில் 180 பக்கம் மெய்ப்பு (புரூஃப்) பார்க்கக் கிடக்கிறது. 9,000 ரூபாய்க்குள் ஒன்று வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லுங்கள்.

சித்தப்பா: அக்கா, எங்கள் மாடியில் பழைய 32 அங்குல டிவி சும்மாதானே கிடக்கிறது. எச்டிஎம்ஐ ஒயர் போட்டால் படம் வந்துவிடும். சாயங்காலமே எடுத்து வருகிறேன். எதற்கு வீண் செலவு?

மலர்: மாமா, அது வேண்டாம். அந்த டிவி 1366க்கு 768 புள்ளி (பிக்சல்). அவ்வளவு பெரிய திரையில் அங்குலத்துக்கு 49 புள்ளிதான் வரும். கூடத்தில் எட்டடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அது போதும். அம்மா ஒன்றரை முழ தூரத்தில் உட்கார்ந்து ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுகிறாள். கண் போய்விடும்.

சித்தப்பா: சரிம்மா, அது எனக்குத் தோன்றவில்லை. அப்படியென்றால் 27 அங்குலமாக வாங்கிவிடலாமே? எழுத்து பெரிதாகத் தெரியும்.

கார்த்தி: சித்தப்பா, இந்த விலையில் 27 அங்குலம் வாங்கினாலும் அதே 1920க்கு 1080 புள்ளிதான் தருவார்கள். திரை பெரிதாகும், புள்ளி கூடாது. 24இல் அங்குலத்துக்கு 92 புள்ளி, 27இல் 82. எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரம் சொரசொரப்பாகும். தமிழில் இது உடனே தெரிந்துவிடும். க் மேலே இருக்கும் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அத்தை: ஐயோ, அது கூடவே கூடாது. என் வேலையே அந்தச் சுழியை எண்ணுவதுதான்.

மலர்: 24 போதும். அதன் உயரம் கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளின் உயரம், சுமார் 30 செ.மீ. அகலம் 52 செ.மீ.க்கு மேல். இரண்டு பக்கத்தைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் ஓரத்தில் இடம் மிச்சமிருக்கும். கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன் ஒரு பக்கம், அச்சுக்கோத்தது ஒரு பக்கம்.

அத்தை: இது நல்ல செய்தி. இத்தனை நாள் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்துகொண்டிருந்தேன்.

கார்த்தி: அத்தை, நீங்கள் இப்போது பார்க்கிற புத்தகத்திலிருந்து நாலு பக்கம் பிடிஎஃப் அனுப்புங்கள். அடிக்குறிப்பு இருக்கிற பக்கமாக இருக்கட்டும். நாளை இங்கே சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறேன், பென் டிரைவில் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன்.

திங்கள்

கார்த்தி: அத்தை, கடை கடையாக ஏறி இறங்கி மொத்தம் ஐந்து மானிட்டர் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாக் கடையிலும் மயில், மீன், பூ என்று வண்ணப் படம்தான் ஓடுகிறது, அதுவும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து. அதை நிறுத்தச் சொல்லி உங்கள் பக்கத்தைத் திறந்தேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. திரையின் வகையைப் பேனல் என்கிறார்கள். முதலில் பார்த்தது டிஎன் பேனல், விலை 5,800. நேராகப் பார்த்தால் சரி. கொஞ்சம் குனிந்தேன், பக்கத்தின் மேல்பாதி கறுத்துப் போனது. அதை விட்டுவிட்டேன். அடுத்தது விஏ பேனல். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கிறது, படம் பார்க்க அருமை. ஆனால் பக்கத்தைக் கீழே உருட்டும்போது எழுத்துக்குப் பின்னால் ஒரு நிழல் இழுபடுகிறது. மற்ற மூன்றும் ஐபிஎஸ். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. உங்களுக்கு அதுதான் சரி.

பெட்டியில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 10 கோடிக்கு 1 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். இருட்டான காட்சி வரும்போது பின்விளக்கையே குறைத்துக் காட்டும் கணக்கு அது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஐபிஎஸ்ஸில் உண்மையான அளவு 1000க்கு 1 சுற்றித்தான் இருக்கும், அதுவே தாராளம். புள்ளி நிறம் மாறும் வேகம் 1 மில்லி நொடி என்று போட்டிருப்பதும் விளையாடுகிறவர்களுக்காகத்தான்.

அப்புறம் வெளிச்சத்தை நூற்றுக்கு 20 ஆகக் குறைத்து, மொபைல் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பிடித்தேன். மூன்றில் ஒன்றில் கறுப்புப் பட்டைகள் ஓடின. விளக்கு வேகமாக அணைந்து எரிகிறது என்று அர்த்தம். சிலருக்கு அதனால் தலைவலி வரும். நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத்தான் படிப்பீர்கள், அதனால் அதையும் ஒதுக்கிவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று 8,300. எச்டிஎம்ஐ, பழைய விஜிஏ இரண்டு ஒயரும் சொருகலாம், நொடிக்கு 100 முறை படம் புதுப்பிக்கும் (100 ஹெர்ட்ஸ்), 3 ஆண்டு வாரண்டி. திருச்சியிலேயே சர்வீஸ் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். எடுத்துவிடட்டுமா?

மலர்: உயரம் ஏற்றி இறக்க முடியுமா?

கார்த்தி: இல்லை. முன்னே பின்னே சாய்க்க மட்டும் முடியும். இந்த விலையில் பெரும்பாலும் அப்படித்தான். பின்னால் நாலு திருகு ஓட்டை இருக்கிறது, 100 மி.மீ. அளவு. பிறகு வேண்டுமென்றால் மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) தனியாக வாங்கி மாட்டலாம்.

அத்தை: எடுத்துவிடு கண்ணா. இத்தனை கடை ஏறி இறங்கினாயே, சாப்பிட்டாயா?

கார்த்தி: சாப்பிட்டேன் அத்தை. பில் போடுவதற்கு முன் பிரித்துக் கறுப்புப் படம், வெள்ளைப் படம் போட்டுப் பார்த்தேன். முதல் பெட்டியில் வலது ஓரம் ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் நின்றது. கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறு பெட்டி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபின் பார்த்திருந்தால் பெரிய அலைச்சல். ஒரு புள்ளிக்கெல்லாம் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள்.

சித்தப்பா: நாளை நான் சென்னையில்தான் இருக்கிறேன். ராத்திரி ரயிலில் கையோடு கொண்டு வந்துவிடுகிறேன்.

புதன்

சித்தப்பா: வந்தாச்சு, மாட்டியாச்சு.

அத்தை: தம்பி சிரமப்பட்டு மாட்டிக் கொடுத்தான். ஆனால் கார்த்தி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கிறது. ழ-வுக்கு வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் இன்னொரு ழ நிற்கிறது.

கார்த்தி: கடையில் அப்படி இல்லையே அத்தை! எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு போட்டோ அனுப்புங்கள்.

மலர்: மாமா, சிபியுவிலிருந்து வரும் ஒயரின் முனை நீலமா? இரண்டு பக்கமும் திருகு இருக்கிறதா?

சித்தப்பா: ஆமாம்மா. பழைய மானிட்டரில் இருந்த ஒயரையே சொருகிவிட்டேன்.

மலர்: அதுதான் காரணம். அது விஜிஏ. புள்ளியைப் புள்ளியாக அனுப்பாமல் அலையாக அனுப்பும், வழியில் கொஞ்சம் சிதறும். பெட்டிக்குள் எச்டிஎம்ஐ ஒயர் இருக்கும், அதை மாட்டுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்ஸில் 1920க்கு 1080 என்று வையுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால், அங்கேயே எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்குங்கள். புள்ளி அளவைக் குறைக்கவே வேண்டாம்.

சித்தப்பா: மாற்றிவிட்டேன். அக்கா வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தை: கண்ணாடியைத் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

கார்த்தி: அப்பாடா! இன்னும் ஒன்று. பெட்டியிலிருந்து வரும்போது வெளிச்சம் அதிகமாக வைத்திருப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரித் தெரிந்தால் குறையுங்கள். தாளும் திரையும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். திரை உயரம் குறைவாக இருந்தால் அடியில் மணைப்பலகை வையுங்கள், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும்.

அத்தை: தாளைப் பிடித்துப் பார்த்தேன். 100 இருந்தது, 32இல் சரியாக நின்றது. பூஜை அறை மணையையும் வைத்துவிட்டேன்.

வெள்ளி

அத்தை: கார்த்தி, திரை பிரமாதம். ஆனால் இரண்டு நாளாகப் பிடரி வலிக்கிறது.

மலர்: அம்மா, நீ போட்டிருப்பது இரட்டைக் கண்ணாடி (பைஃபோகல்). கீழ்ப்பாதி வழியாகத்தானே படிக்கிறாய்? திரை உயர்ந்தால் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வாய். மணையை எடுத்துவிட்டுத் திரையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வை.

கார்த்தி: நான் இதை யோசித்திருக்க வேண்டும் அத்தை, மன்னித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாதவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிட்டேன். கண் டாக்டரிடம் போகும்போது திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து எடுத்துப் போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்.

அத்தை: டேப் வைத்து அளந்தேன், 62 செ.மீ. மணை பூஜை அறைக்கே திரும்பிப் போய்விட்டது. இப்போது கழுத்து நேராக இருக்கிறது.

ஞாயிறு

அத்தை: 112ஆம் பக்கத்தில் "திருமன மண்டபம்" என்று இருந்தது. முதல் மெய்ப்பில் இதே பக்கத்தை பழைய மானிட்டரில் பார்த்து விட்டுவிட்டிருக்கிறேன். இன்று பார்த்ததும் தெரிந்தது, இரண்டு சுழிதான், மூன்று இல்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மலர்: அம்மா! ❤️

சித்தப்பா: அக்கா, நான் அந்த டிவியையே மாட்டியிருந்தால்?

அத்தை: நீ ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை மறப்பேனா தம்பி. சரி, இன்னும் 68 பக்கம் இருக்கிறது. ராத்திரி பேசுகிறேன்.