மணிக்கூண்டுக் கல்வெட்டில் இருக்கும் 14 பேர் யார்?

சத்துவாச்சாரி அம்மா கேட்டது:

வேலூர்க்காரர்களுக்கு லாங் பஜார் மணிக்கூண்டு தெரியாமல் இருக்காது. போன வாரம் பூ வாங்க நின்றபோது எட்டாவது படிக்கும் என் மகள் அதில் பதித்திருக்கும் வெள்ளைக் கல்லைப் படித்துவிட்டு வந்தாள். 1914-18 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் இருக்கிறது. நாற்பது வருஷமாக அந்த வழியில் போய் வருகிறேன், ஒரு நாளும் நின்று படித்ததில்லை. வேலூரைக் கிராமம் என்று போட்டிருப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் "அந்த 14 பேர் பேர் என்னம்மா?" என்றாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

பள்ளியில் போரில் இறந்த வீரர் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவள் அந்த 14 பேரைப் பற்றித்தான் பேசுவேன் என்கிறாள், டீச்சரோ பதக்கம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள் என்கிறார். அந்தப் பெயர்கள் எங்காவது கிடைக்குமா? இல்லையென்றால் நம் பக்கத்து ஆள் ஒருவரையாவது சொல்லுங்கள்.

பழைய தம்பி எழுதியது:

அம்மா, நான் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக வந்தவன். பெங்களூர் சென்டரில் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அதுதான் இந்தப் பெயர். பதக்கம் வாங்கியவர் வேண்டுமென்றால் சுபேதார் சுப்பிரமணியனைப் பேசச் சொல்லுங்கள். வேலூர் இல்லை, அந்தக் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டம், ஆனால் எங்கள் படைதான். இரண்டாம் உலகப்போரில் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர்.

1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊர்ப்பக்கம். கண்ணிவெடி தேடும் கோஷ்டியோடு பாதையைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார். இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன், முட்டி போட்டுக்கொண்டு கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும், நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே போய் இடிக்கும். அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும், வெயில் இல்லாவிட்டாலும். அன்றைக்கு ஒரு கண்ணிவெடி தூண்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்து ஜெர்மன் வெடிகளில் ஒரு வகை, மிதித்ததும் வெடிக்காது. பட்டென்று சின்னச் சத்தம் வரும், சுமார் நாலு வினாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடித்து நாலா பக்கமும் இரும்புக் குண்டுகளை வீசும். நாலு வினாடி என்பது ஓடுவதற்குக் காணாது, விழுந்து படுக்கப் போதும். இவர் படுக்கவில்லை. அதன் மேலேயே பாய்ந்து விழுந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

எதிரிக்கு முன்னால் காட்டும் வீரத்துக்குத் தரும் விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். ஜார்ஜ் கிராஸ் 1940இல் ஏற்படுத்தியது, எதிரி நேருக்கு நேர் நிற்காத இடத்தில் காட்டும் வீரத்துக்கு. வெள்ளிச் சிலுவை, நீல நாடா. மகளிடம் சொல்லுங்கள், கையில் துப்பாக்கி பிடித்திருந்தால்தான் வீரன் என்றில்லை.

தோட்டப்பாளையம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் வெள்ளைக்காரன் சண்டைக்குச் சம்பளத்துக்குப் போனவர்கள்தானே? நம் ஊரில் நினைக்க வேண்டுமென்றால் 1806 ஜூலை 10 இருக்கிறது, கோட்டைக்குள்ளேயே வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்த நூற்றுக்கணக்கான சிப்பாய்கள். மக்கான் பகுதியில் நிற்கும் நினைவுத் தூண் அவர்களுக்குத்தான்.

பழைய தம்பி எழுதியது:

தம்பி, அந்த 1806 சிப்பாய்களும் அதுவரை கம்பெனி சம்பளம் வாங்கியவர்கள்தான். மக்கானுக்கும் மாலை போடுவோம், இந்தக் கல்லையும் படிப்போம், இரண்டும் ஒரே ஊர்தானே?

கம்மவான்பேட்டை பேரன் எழுதியது:

அக்கா, எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்பார்கள், பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு அபூர்வம். 14 பேர் பெயர் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர்" என்று அதே வாசகம் போட்டுப் பல ஊர்களில் கல் வைத்தார்கள், எண்ணிக்கை மட்டும் மாறும். அதனால்தான் வேலூரும் கிராமமாகிவிட்டது! பெயர் போடாதது இங்கே மட்டுமில்லை. ஈராக்கில் அதே போரில் செத்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, நம் ஆட்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரண சிப்பாய் என்றால் ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். இந்த ஓரவஞ்சனைக்கு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு, சிப்பாய் நம்பர் போட்டுத் தேடலாம், சில பதிவுகளில் ஊரும் அப்பா பெயரும்கூட இருக்கும். டெல்லி தேசிய போர் நினைவகத்தின் தளத்திலும் தேடலாம், ஆனால் அது சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களுக்கு.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் செத்தவர். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சின்ன மாமனாரின் சிப்பாய் நம்பரை ராகம் போட்டு ஒப்பிப்பார், பென்ஷன் ஆபீசுக்கு நடந்து நடந்து மனப்பாடமானது. நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கிண்டல் செய்வோம். பாட்டி போன பிறகு ஒரு ராத்திரி சும்மா அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கிறது. முனுசாமியை இங்கிலீஷில் ஏதோ மூனி சாமியார் மாதிரி எழுதியிருக்கிறார்கள், பெயரை வைத்துத் தேடியிருந்தால் ஜென்மத்துக்கும் கிடைத்திருக்காது.

ஆகவே முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் மூடியில் வெள்ளை பெயிண்டில் சிப்பாய் நம்பர் இருக்கிறதா பாருங்கள். 14 பேரில் ஒருவர் கிடைத்தாலும் லாபம்.

சத்துவாச்சாரி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி ஐயா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நாலு வினாடி என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வாய்விட்டு எண்ணிப் பார்த்தாள். சுப்பிரமணியனைப் பேசுகிறாளாம், முடிக்கும்போது அந்த 14 பேரைப் பற்றி ஒரு நிமிடம். டீச்சரும் சரி என்றுவிட்டார்.

என் மாமியாரிடமும் கேட்டேன். அவர் பிறந்த வீடு குடியாத்தம் பக்கம், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதாம், யாருடையது என்று அவருக்கே தெரியாது, உள்ளே பித்தளைப் பாத்திரம்தான் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மூடியில் ஏதாவது இருந்தால் போட்டோ போடுகிறேன்.