வெயிட் தூக்கித் தொப்பையைக் குறைத்தவர்கள் அனுபவத்தை எழுதுங்களேன்

மதுரை, வங்கி ஊழியர், வயது 44

யாரும் என்னைக் குண்டு என்று சொன்னதில்லை. 170 செ.மீ. உயரம், 71 கிலோ. கையும் காலும் மெலிசு, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும். நம்மூரில் பாதி ஆண்களுக்கு இந்த உடம்புதான் என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஆபீசில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சுகருக்கு முந்தைய கட்டம். டாக்டர் எடையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். 96 செ.மீ. நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது என்றார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ காட்டினார். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த படம். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. “உங்களுக்குக் குறைய வேண்டியது எடை இல்லை சார், கொழுப்பு. கூட வேண்டியது தசை. பட்டினி கிடந்தீங்கன்னா இருக்கிற தசையும் போயிடும்” என்றார்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். வேலை செய்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலேகூடச் சர்க்கரையை உள்ளே இழுக்கும். டாக்டர் இதைச் சொன்னதும் ஜிம் என்பது இளவட்டப் பையன்களின் இடம் என்கிற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

தெருமுனையில் இருக்கும் சின்ன ஜிம்தான். ஏசி கிடையாது. மாஸ்டர் முதல் மாதம் பார்பெல்லை, அதாவது பிளேட் மாட்டுகிற நீள ராடை, தொடவே விடவில்லை. பெஞ்சைப் பின்னால் போட்டு, “அதுல உக்காரப் போற மாதிரி பின்னாடி போங்க, பிட்டம் லேசா பட்டதும் எந்திரிங்க, முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, குதிகால் தரையை விட்டு எழக் கூடாது” என்று அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அடுத்து டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட், அதாவது குந்தி எழுவது. அப்புறம்தான் 20 கிலோ வெறும் ராடு. சொன்ன எண்ணிக்கை முழுவதும் (ரெப்ஸ்) சுத்தமாக வந்தால் பக்கத்துக்கு ஒன்றே கால் கிலோ பிளேட். மொத்தம் இரண்டரை கிலோ கூடும், அவ்வளவுதான். வாரம் மூன்று நாள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து ராடை வயிற்றுப் பக்கம் இழுப்பது), தலைக்கு மேல் தூக்குவது. இந்த ஐந்தைத் தாண்டி அவர் வேறெதுவும் பெரிதாகச் சொல்லித் தரவில்லை, தேவைப்படவும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். தேதி, எத்தனை கிலோ, எத்தனை செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), அதில் எத்தனை ரெப். போன வாரத்தைவிட ஒரு ரெப் கூடுதலாக வந்திருந்தால் அன்றைக்கு எனக்குத் திருப்தி. எடை மெஷின் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் டேப் வைத்து அளப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சோறு நிற்கவில்லை. தட்டில் பங்கு மாறியது. நாலு இட்லியில் புரதம் எட்டு கிராம் பக்கம்தான் வரும். ஒரு முட்டையில் மட்டும் ஆறு கிராம். அதனால் காலையில் இட்லி இரண்டு, முட்டை மூன்று. மதியம் சோறு ஒரு கரண்டி குறைந்து பருப்பும் மீனும் கூடின. சாயங்காலம் டீயோடு வடை இருந்த இடத்தில் சுண்டல். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் தாண்டியபோது இடுப்பு 87. சர்க்கரை 5.5. எடை 69, வெறும் இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது! கன்னம் வற்றியதைப் பார்த்து, கல்யாண வீட்டில் ஒருவர் விடாமல் “என்னப்பா, சுகர் வந்துருச்சா?” என்று கேட்டார்கள். வராமல் இருக்கத்தான் அத்தனையும் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். அதில் இரண்டு பேர் இப்போது என்னோடு ஜிம்முக்கு வருகிறார்கள்.

தென்காசி, ஓய்வு பெறப்போகும் ஆசிரியை

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. பெண்கள் யாரும் இன்னும் எழுதக் காணோம்.

எனக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுவேன். எலும்பு டாக்டர், தொடைத் தசைக்குப் பலம் வந்தால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும் என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார்கள். முதலில் இரண்டு தலையணையை மேலே போட்டு நாற்காலியை உயரமாக்கினேன். பிறகு ஒரு தலையணை. பிறகு வெறும் நாற்காலி. பிறகு கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். அப்படியே ஜிம்மில் பெண்கள் நேரத்தில் சேர்ந்தேன். சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. கால்சியம் மாத்திரையோடு நிறுத்திவிடுகிறோம். எலும்பு கெட்டிப்பட அதன் மேல் பாரம் விழ வேண்டும் என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. “இந்த வயசுல வெயிட் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்” என்று என் நாத்தனார் பயமுறுத்தினார். மகப்பேறு டாக்டரிடம் நேராகக் கேட்டேன். மூச்சை அடக்கித் திணறாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் உங்களுக்குப் பயமில்லை, ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்கள் மட்டும் பரிசோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்றார்.

வந்த பலனைச் சொல்கிறேன். சமையல் கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். அதை நானே சாய்த்துத் தூக்கி அடுப்படியில் வைக்கிறேன். இந்த மார்கழியில் வாசலில் குந்தி உட்கார்ந்து புள்ளிக்கோலம் போட்டேன். முன்பெல்லாம் நடுவில் இரண்டு முறை கையை ஊன்றி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த வருடம் கோலத்தை முடித்து, கலர் கொடுத்து, அப்புறம்தான் எழுந்தேன். எதிர்வீட்டு அம்மாவையும் நாற்காலிப் பயிற்சியில் உட்கார வைத்துவிட்டேன்.

கோவை, ஆண் செவிலியர்

டீச்சரம்மா, உங்கள் பதிவை எங்கள் வார்டு சிஸ்டர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

என் கதை ஷிப்ட் கதை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. “தினமும் காலை ஆறு மணிக்கு” என்கிற திட்டம் எனக்குச் சரிவராது. அதனால் மணிக்கணக்கை விட்டுவிட்டு, ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றியதும் பயிற்சி, அப்புறம்தான் குளியல் என்று வைத்துக்கொண்டேன். கதவில் மாட்டுகிற ரப்பர் பேண்டு ஒன்று, டம்பெல் இரண்டு. உடம்பு முடியாத நாளில் ஒரு செட் தண்டால், ஒரு செட் பஸ்கி. ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் அதை விடுவதில்லை. இரவு ஷிப்டில் கேன்டீன் பரோட்டாவைக் குறைக்க, வறுத்த கடலையும் அவித்த முட்டையும் டப்பாவில் போகும். தூக்கம் கெட்டால் பசி கண்டபடி வரும், அதோடு சண்டை போட வேண்டியதில்லை, கையில் நல்லதாக ஏதாவது இருந்தால் போதும்.

பணகுடி பக்கம், வயது 31

எங்க ஊருப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குற போட்டி நடக்கும். பொம்பளையாளுகளும் தூக்குவாங்க. உருண்டைக் கல்லு, பிடிமானமே இருக்காது. குந்தி உக்காந்து ரெண்டு கையாலயும் அணைச்சு, முதல்ல மடிக்கு, அப்புறம் நெஞ்சுக்கு, அப்புறம் தோளுக்கு உருட்டி ஏத்திப் பின்னால போடணும். சின்னப்புள்ளையில பாத்தப்ப வெறும் முரட்டு பலம்னு நெனச்சேன். டெட்லிஃப்ட் படிச்ச பொறவுதான் தெரியுது, இடுப்பால தூக்குற நுணுக்கம் அதுலயே இருக்கு. மத்தபடி எனக்கு 84 கிலோலேருந்து 76. அரிசிய விடல, ராத்திரி சோடாவையும் மிச்சரையும் விட்டேன்.

சென்னை, கல்லூரி மாணவர்

அண்ணன்களுக்கு ஒரு கேள்வி. புரோட்டீன் பவுடர் அவசியமா? ஹாஸ்டல் மெஸ் சாப்பாடுதான். பரீட்சைக்கு, ஊர்த் திருவிழாவுக்கு என்று பத்து நாள் ஜிம் விட்டுப்போனால் எல்லாம் போய்விடுமா?

மதுரை, வங்கி ஊழியர்

தம்பி, பவுடர் கட்டாயமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. சோயா உருண்டையில் நூறு கிராமுக்கு 50 கிராம் பக்கம் புரதம் உண்டு. மெஸ்ஸில் கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக் கெட்டிலில் ஊற வைத்துப் பிழிந்து சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம். பொட்டுக்கடலை, வேர்க்கடலை, தயிர், முட்டை இருந்தால் தாராளம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

பத்து நாளில் பலம் எங்கேயும் போகாது. இரண்டு வாரம் வரைக்கும் பெரிய இறக்கம் தெரியாது. போன சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள், நானும் ஜிம் பக்கமே போகவில்லை. பரீட்சையை எழுதுங்கள், திருவிழாவுக்குப் போங்கள், கறிச்சோறு நன்றாகச் சாப்பிடுங்கள். திரும்பி வந்த முதல் வாரம் பிளேட்டைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.