"அறுபத்தெட்டு வாங்குற, இந்த வாஷரை மாத்தக் கூடாதா?": வீடு விற்று வீடு வாங்கிய அனுபவம்

வண்ணாரப்பேட்டைக்காரன்:

அப்பா கட்டிய வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். தீபாவளி மாதத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர முடியும். 620 சதுர அடி, எனக்கும் கோவையில் இருக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. 2023 ஆவணியில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்து டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானத்துக்குள் நான்கு புரோக்கர்கள் வந்துபோனார்கள். நான்கு பேர் கையிலும் 'டைரக்ட் பார்ட்டி' இருந்தது.

அதில் வயதானவர் ஒருவரைப் பிடித்துப்போயிற்று. அப்பாவைத் தெரியும் என்றார், யாருக்குத்தான் தெரியாது. 62 லட்சம் வாங்கித் தருகிறேன், கமிஷன் இரண்டு பர்சென்ட் என்று பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பார்ட்டி வரும்போது நீங்க ரேட்டு பேசாதீங்க தம்பி. நீங்க வாயைத் திறந்தா பார்ட்டி மெரண்டுடும்." சரி, தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

பார்ட்டி குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. பிடித்துவிட்டதாம், பேங்க் லோனுக்கு ஏற்பாடு நடக்கிறதாம். நான்கைந்து நாள் கழித்துக் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டும் சத்தம். வாங்குபவரின் அம்மா, தனியாக வந்திருந்தார். "மெட்ரோ தண்ணி எப்படி வருதுன்னு பாக்கணும்பா" என்று நேராக அடிபம்புக்குப் போனார். வாடகைக்குப் பத்து வீடு மாறியவர் போல, வீட்டைப் பார்க்கத் தெரிந்தவர்.

எங்கள் பம்பு ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால்தான் பிடிக்கும். அந்த அம்மா ஊற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பதினைந்து அடி அடித்தார். கீச்சு கீச்சென்று சத்தம்தான் வந்தது. அப்புறம் துருவோடு கொஞ்சம் தண்ணீர். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, அறுபத்தெட்டு வாங்குற, இந்த வாஷரை மாத்தக் கூடாதா?" என்றார்.

எந்த அறுபத்தெட்டு?

"பத்திரத்துல அறுபத்திரண்டு, கையில ஆறு. நீதானே ஆறு லட்சத்தை ரொக்கமா கேட்டியாம்!"

அப்போதுதான் கணக்கு புரிந்தது. என்னிடம் சொன்ன தொகையே பத்திரத்தில் வரும், அதனால் எனக்குச் சந்தேகம் வராது. அவர்களுக்கோ, ஓனர் கறுப்புப் பணம் கேட்கிறார் என்று நினைப்பு. நடுவில் ஆறு லட்சம் ரசீதே இல்லாமல் கைமாறிவிடும். பத்திரச் செலவு மிச்சம் என்று வேறு புரோக்கர் அவர்களிடம் ஆசை காட்டியிருக்கிறார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 54,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஆறு லட்சத்தையே தாரை வார்க்க இருந்தார்கள். இத்தனைக்கும் வீடு, நிலம் விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. மாட்டினால் வாங்கியதாகச் சொல்லப்படும் நான்தான் வருமான வரிக்காரர்களுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

புரோக்கருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "ஆறும் எனக்கா வருது தம்பி? நாலு பேரு பங்கு அது" என்றார். முதலில் வந்துபோன மற்ற மூன்று புரோக்கர்களும் யார் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் அந்த அம்மா, அவர் மகன், நான் மூவரும் உட்கார்ந்து 64 லட்சத்துக்கு முடித்தோம், எல்லாம் பேங்க் வழியாக. 50 லட்சத்துக்கு மேல் போனால் வாங்குபவர் ஒரு சதவீதத்தை வருமான வரிக்காக (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடித்துத்தான் தருவார், அது 64,000. பார்ட்டியைக் கூட்டி வந்தது என்னவோ உண்மை என்பதால் புரோக்கருக்கும் ஒரு பர்சென்ட் கொடுத்தேன், அதுவும் அதே 64,000. டிடிஎஸ்ஸாவது கணக்குக் காட்டித் திரும்ப வாங்க வழி உண்டு.

சொல்ல மறந்துவிட்டேன். ஆரம்பத்திலேயே அந்தப் புரோக்கர், "அக்கா கோயமுத்தூர்லேருந்து எதுக்கு அலையணும், விக்கிறதுக்கு என் பேர்ல ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். நமக்குப் பதில் அவரே கையெழுத்துப் போட்டு விற்கும் அதிகாரப் பத்திரம் அது. நான் அரை மனதாக இருந்தேன். அக்காதான், "சேரன்ல ஏறுனா காலைல சென்ட்ரல். நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அந்தப் பவர் எழுதியிருந்தால் இன்று இதை நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம் கொளத்தூரில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தோம். அங்கே வேறு புரோக்கர். 'பேப்பர் கிளியர்' என்று சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பத்து வருஷத்துக்கு நீட்டினார். பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம் என்பதால் நானே முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் காட்டிய சான்றிதழ் ஆரம்பிக்கும் தேதிக்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால், பத்திரத்தை ஒரு பேங்க்கில் அடமானம் வைத்த பதிவு இருந்தது. அதை முடித்த ரசீது எங்குமே இல்லை. கேட்டால், "லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு சார், ரசீது போட மறந்திருப்பாங்க." அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

திருவொற்றியூர் வாசகி:

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததும் இந்தப் பக்கத்துப் புரோக்கர்களின் பேச்சே மாறிவிட்டது; எந்த வீட்டைக் காட்டினாலும் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம்தான். நாங்கள் பார்த்தது நல்ல வீடு, மாடியில் கடல் காற்று. விலை மட்டும் ஏனோ குறைவு. டோக்கன் கொடுக்கப் போன அன்று பக்கத்து வீட்டு ஆயா, "அடிமனை வாடகை யார் பேருக்கு மாத்துவீங்க?" என்று கேட்டார். கட்டடம்தான் அவர்களுடையது, நிலம் கோயிலுடையது. புரோக்கரைக் கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க மேடம்" என்கிறார். எல்லாரும் இருக்கலாம், லோன் தரப்போகிற பேங்க் இருக்காதே.

வியாசர்பாடி நண்பர்:

எல்லாப் புரோக்கரும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீட்டை ஒருவர் எங்களுக்கு வெறும் பவரிலும் ஒப்பந்தத்திலும் விற்கப் பார்த்தார். விற்றவருக்கே வாரியம் இன்னும் கிரயப் பத்திரம் போட்டுத் தரவில்லை. பவரை வைத்துக்கொண்டு சொத்து நம்முடையது ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2011லேயே சொல்லிவிட்டது. இதை எனக்குச் சொன்னது வக்கீல் இல்லை, இன்னொரு புரோக்கர். சைக்கிளில் வரும் பெரியவர். "மழைக்கு முன்னாடி வீடு வாங்காதீங்க, டிசம்பர்ல வந்து சுவத்துல தண்ணிக் கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றும் அவர்தான் சொன்னார். அந்த வருஷம் அவருக்கு என்னால் ஒரு பைசா கமிஷன் இல்லை.

பெரம்பூர் புதுசு:

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்க முடியாதா? ஏஜென்ட் எல்லாம் பதிவு செய்ய வேண்டுமே?

வண்ணாரப்பேட்டைக்காரன்:

2016ஆம் வருஷத்துச் சட்டப்படி, ரெராவில் பதிவான புதுத் திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்தான் பதிவு செய்ய வேண்டும். நம் சந்து வீட்டை மறுவிற்பனை செய்கிற டீக்கடைப் புரோக்கருக்கு அது பொருந்தாது. அதனால் இப்போது நானே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்: கமிஷன் ஒரு பர்சென்ட், பத்திரம் பதியும் அன்று, செக்காக மட்டும், விலையை ஓனரும் வாங்குபவரும் நேரில் பேசுவார்கள். போன மாதம் மாதவரத்தில் வீடு காட்ட வந்தவரிடம் அதை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் சரி சார், என் பேரை எதுக்கு முழுசா எழுதியிருக்கீங்க?" என்றார்.